தண்ணி நல்லா இருக்குதுங்க

ஃபிளாட் வாங்குவதற்கு முன்னால் குருசாமி கேட்காத கேள்வி கிடையாது. தாய்ப்பத்திரத்தை வாங்கி வக்கீலிடம் கொடுத்தான். வில்லங்கம் போட்டுப் பார்த்தான். அனுமதி வாங்கிய மாடிகளும் கட்டியிருக்கும் மாடிகளும் ஒன்றுதானா என்று தெருவில் நின்று அண்ணாந்து எண்ணினான். நிலத்தில் தன் பங்கு எவ்வளவு, கார் நிறுத்தும் இடம் பத்திரத்தில் வருமா வராதா, லிஃப்ட் எந்தக் கம்பெனி, எல்லாம் கேட்டான். கம்பெனியில் கட்டட வேலை பார்க்கும் என்ஜினியரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து சுவரைத் தட்டச் சொன்னான். அவர் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், கட்டுமானம் நன்றாக இருக்கிறது என்றார், பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த வாஸ்துக்காரர் அடுப்பு சரியான மூலையில் இருப்பதாகச் சொல்லி, படுக்கையறைக் கதவை மட்டும் அரை அடி நகர்த்தச் சொன்னார். அதையும் நகர்த்தினார்கள்.

விஜயராணி சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் தெளிவாக வந்தது. கையில் ஏந்தி வாயில் விட்டாள். உப்பு இல்லை. அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

இருவரும் அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். குருசாமி கட்டிங் டேபிளில் துணி பிடிக்கும் வேலைக்கு வந்து, இப்போது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். விஜயராணி தபால் வழியில் படித்துப் பட்டம் வாங்கி, வேறொரு கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பிரிவில் இருந்தாள். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் கேட்கிறபடி கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதா, தீயணைப்புக் கருவி வேலை செய்கிறதா, தொழிலாளிக்கு நல்ல தண்ணீர் கிடைக்கிறதா என்று பார்க்கிற வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் இருந்தார்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர் நாலு பேர் வந்துவிட்டால் வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்திவிடுவார். "தெக்கத்தி ஆளுங்களுக்கு ஊடு உட்டா இப்படித்தானுங்க, ஊரையே கூட்டியாந்து குளிக்க வெப்பாங்க" என்று வாசலில் நின்று யாரிடமாவது சொல்லுவார், அவர்கள் காதில் விழும்படி. அந்த வாய்க்குப் பயந்துதான் சொந்த வீடு என்ற எண்ணமே வந்தது.

வீரபாண்டிப் பக்கம் அந்தக் குடியிருப்பைக் கட்டியவர் பெயர் சென்னிமலை. அதற்கு முன்னால் நூல் தரகு பார்த்தவர். இரண்டாயிரத்து ஆறில் திருப்பூரில் காசு கையில் இருந்தவர் எல்லாரும் கட்டடம் கட்டினார்கள், அவரும் கட்டினார். அவர் கொடுத்த வழவழப்பான விளம்பரப் புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நீச்சல் குளத்தருகே ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருந்தது. நீச்சல் குளம் எங்கே என்று குருசாமி கேட்டபோது, "அது படத்துக்குங்க" என்றார் சென்னிமலை, கொஞ்சமும் கூசாமல். கேட்டவனுக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

நகராட்சிக் குழாய் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. போர் தண்ணீர்தான். அதனால் விஜயராணி கடைசியாக ஒரு காரியம் செய்தாள். ஏற்கெனவே குடிவந்துவிட்ட ஒருவரிடம் கேட்டுவிடுவோம் என்று முதல் மாடியில் மணியன் வீட்டுக் கதவைத் தட்டினாள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி. அவர் மனைவி பழனாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தண்ணி எப்படிங்கய்யா இருக்கு? பக்கத்துல சாயப்பட்டறை இருக்குன்றாங்களே" என்று விஜயராணி கேட்டாள்.

"அதெல்லாம் அக்கட்ட இருக்குதுங்க. நம்முளுக்கு ஒண்ணுமில்ல. தண்ணி நல்லா இருக்குதுங்க. எளநியாட்டம் இருக்கும்" என்றார் மணியன். "நீங்க தைரியமா வாங்க அம்மிணி. நல்ல மனுசங்க நாலு பேரு பக்கத்துல வந்தாத்தான் எங்களுக்கும் துணையாட்டம் இருக்கும்."

பழனாத்தாள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடிவந்த மாதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பால் காய்ச்சிய அன்று வரைக்கும் மேல்தொட்டியில் சென்னிமலை லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றி வைத்திருந்தார். வீடு பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமைகளுக்காக அவர் செய்துவந்த ஏற்பாடு அது. இவர்கள் பக்கத்து வீடுகள் விற்று முடிந்ததும், விற்காத வீடுகள் இருக்கும் மறுபக்கத் தொட்டிக்கு மட்டும் ஊற்றிவிட்டு, இங்கே அதை நிறுத்திவிட்டார். ஒரு காலையில் விஜயராணி அரிசி களைய வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தாள். கிண்ணத்தில் வெளிறிய ஊதா நிறம் தெரிந்தது. முகர்ந்தால் பழைய துணியை ஊறவைத்த மாதிரி ஒரு வாடை. நாக்கில் வைத்தபோது உப்பு சுருக்கென்றது. அப்படியே கிண்ணத்தைக் கொண்டுபோய்த் தூங்கிக்கொண்டிருந்த குருசாமியின் தலைமாட்டில் வைத்தாள்.

"என்னது?" என்றான் அவன் எழுந்து.

"நம்ம வீடு" என்றாள்.

குருசாமி சென்னிமலைக்குப் போன் செய்தான். "போர் தண்ணின்னா முன்னப்பின்னத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க" என்றார் சென்னிமலை. மறுநாள் அவர் போனை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும்.

விஜயராணி கிண்ணத்தோடு மணியன் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே சமையலறையில் வரிசையாக ஐந்து கேன் தண்ணீர் அடுக்கியிருந்தது. அன்றைக்கு மோர் கொடுத்த நாளிலும் அவை அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

"எளநி கொண்டாந்திருக்கேன்யா" என்றாள்.

மணியன் கிண்ணத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "வந்துருச்சுங்களா? இந்தத் தடவ ஊதாவா? போன மாசம் எங்களுக்கு மஞ்சளா வந்துது" என்றார்.

"தெரிஞ்சுதான் சொன்னீகளா?"

"உக்காருங்க அம்மிணி. கோவிச்சுக்காம கேளுங்க. நாங்க ஏமாந்து வாங்கிப்போட்டோம். இனி என்ன பண்ணச் சொல்றீங்க? தண்ணி இப்படின்னு வெளிய தெரிஞ்சா இந்த ஊடு எவன் வாங்குவான்? என்ர ரிட்டயர்மென்ட் பணம் பூராவும் இந்தச் செவுத்துல இருக்குது. நீங்க எல்லாம் வந்தாத்தான் பத்து ஊடு சேர்ந்து லாரிக்குச் சொல்ல முடியும். ரெண்டு ஊட்டுக்கு அவன் வரமாட்டான்."

"அதுக்கு எங்க தலையில கட்டுவீகளா?"

"நாளைக்கு நீங்களும் இதையேதான் செய்வீங்க" என்றார் மணியன். அதில் கேலி இல்லை, வருத்தமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்லுவது போல அமைதியாகச் சொன்னார்.

விஜயராணிக்கு அவரை அடிக்க வேண்டும் போலக்கூட இருக்கவில்லை. திருநீறையும் வேட்டியையும் கேன்களையும் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். சென்னிமலை ஏமாற்றுக்காரர், அது அவர் தொழில், அதை மறைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை. இந்த மனிதர் மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார். கிண்ணத்தை அவர் டீப்பாயின் மேலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அந்தக் கிண்ணத்தை அவள் திருப்பிக் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் சங்கம் அமைத்தார்கள். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூடினார்கள். மொத்தம் இருந்த வீடுகளில் ஆறு வீடு இன்னும் விற்காமல் கிடந்தது. சென்னிமலையும் வந்திருந்தார். இரண்டு விரலில் மோதிரம், பாக்கெட்டில் இரண்டு செல்போன். மீதி ஆறு வீடும் விற்றுவிட்டால், அந்தப் பணத்தில் நகராட்சிக் குழாயைத் தன் செலவில் மெயின் ரோட்டிலிருந்து இழுத்துத் தருவதாகச் சொன்னார்.

"ஒரே ஒரு ஒத்தாசதானுங்க வேணும்" என்றார். "பாக்க வர்றவங்க உங்ககிட்டத்தான் கேப்பாங்க. நீங்க நல்லதாச் சொல்லணும். அம்புட்டுதான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தார், ஒரு ஆடிட்டர் இருந்தார், சர்ச்சில் பாடல் குழு நடத்துகிற ஒருவர் இருந்தார். ஆடிட்டர் ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னால் சந்தேகம் வரும், ஆகவே எல்லாரும் ஒரே மாதிரி, தண்ணீர் நல்லா இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். நல்ல யோசனை என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சிலர் அவரைப் பாராட்டவும் செய்தார்கள்.

"நான் சொல்லமாட்டேன்" என்றாள் விஜயராணி.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க, சும்மா இருந்தாப் போதும்" என்றார் ஆடிட்டர்.

"கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்."

குருசாமி அவள் கையைப் பிடித்து அழுத்தினான். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "உனக்கு எதுக்கு ஊர் வம்பு? லோன் கட்டுறது நாமதான. குழாய் வந்தா நமக்கும்தான நல்லது?" என்றான்.

"நாம வந்தப்ப இவுக எல்லாரும் இப்படித்தான மாடியில உக்காந்து பேசியிருப்பாக? நம்ம மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிருப்பாக."

"சிரிக்கல புள்ள. பயந்திருப்பாங்க."

"பயந்தா பொய் சொல்லலாமா?"

குருசாமி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் கம்பெனியில் முதலாளி முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகியவன். யார் பலமாகப் பேசினாலும் அவன் தலை தானாக ஆடும். அன்றிரவு விஜயராணி அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தாள். அவன் தலை மாடியில் ஆடியதையும் அவள் பார்த்திருந்தாள்.

அடுத்து வந்த குடும்பத்திடம் அவள் உள்ளதைச் சொன்னாள். நாலு பேர் நல்லா இருக்குது என்று சொல்லி அனுப்பிய பிறகு, படிக்கட்டில் அவளைப் பார்த்து அந்தப் பெண் யதார்த்தமாகக் கேட்டாள், இவள் சொன்னாள். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனார்கள். மாலைக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு லிஃப்டில் அவள் ஏறினால் உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பழனாத்தாள் துணி காயப்போடும்போது அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சென்னிமலை வீட்டுக்கே வந்து, "உங்களுக்குத்தானுங்க நட்டம்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார். விஜயராணி அவரை உட்காரச் சொல்லவில்லை.

மாரப்பன் வந்தது அதற்குப் பிறகு. பெரிய காரில் மகள் அக்ஷராவோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை பெங்களூரில். திருப்பூருக்கு வந்தால் தங்க ஒரு வீடு இருக்கட்டும் என்று பார்க்க வந்திருந்தார்கள். அவருக்கு பனியன் கம்பெனியும் உண்டு, பக்கத்தில் சாயப்பட்டறையும் உண்டு. ஆள் பெரியவர் என்பதால் சங்கமே வாசலில் நின்று வரவேற்றது. மணியன் முதல் ஆளாகக் கும்பிட்டார்.

"தண்ணி நல்லா இருக்குதுங்க" என்றார் ஆடிட்டர். "தண்ணி நல்லா இருக்குதுங்க" என்றார் ஆசிரியர். சாயப்பட்டறை வைத்திருக்கிற ஆளிடம் போய் இதைச் சொல்கிறோமே என்று அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மாரப்பன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். மாடிப்படியில் ஏறி வரும்போது விஜயராணி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். குருசாமி உள்ளே இருந்து "ராணி, ராணி" என்றான். அவள் நிற்கவில்லை.

"ஐயா, இதுதான் இங்க வர்ற தண்ணி. பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

கீழே நின்றவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். மாரப்பன் தட்டை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். சட்டைத் துணி பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இன்றைக்கு இளஞ்சிவப்பாக இருந்தது.

"இது நம்முது இல்லீங்க" என்றார் கடைசியில். "நம்ம பட்டறையில இந்த மாசம் பூரா கருப்புதான் ஓடுது. இது அக்கட்ட இருக்கற ஆளுது."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். கெட்ட பெயரிலிருந்து தப்பிய மனிதனின் நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"அப்ப கருப்பு எப்பங்கய்யா வரும்?" என்று விஜயராணி கேட்டாள்.

மாரப்பன் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அக்ஷரா தட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம ஊட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?" என்றாள்.

"கணியூர்த் தோட்டத்துக் கெணத்துல இருந்து வருது கண்ணு. வண்டியில."

"ஏன் அங்கிருந்து?"

"இங்கத்தத் தண்ணி ஆகாதில்ல."

கீழே போகும்போது அந்தப் பெண் அப்பாவுக்கு முன்னால் தனியாக இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். மாரப்பன் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லதுங்க அம்மிணி. சொன்னதுக்கு" என்றார். படியில் வரிசையாக நின்ற சங்கத்தார் பக்கம் திரும்பி, "ஏனுங்க, எங்கிட்டயே தண்ணி நல்லாருக்குதுன்னு சொல்றீங்களே" என்று மெதுவாகச் சொன்னார். ஆடிட்டர் சிரிக்கப் பார்த்தார். வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் விட்டுவிட்டார்.

இது இத்துடன் முடிந்துவிடும் என்றுதான் விஜயராணி நினைத்தாள். முடியவில்லை. மாரப்பன் தன் மகளுக்கு அந்த வீடு வேண்டாம் என்று சென்னிமலையிடம் சொன்னார். அதே மூச்சில், தண்ணீர் இப்படி இருப்பதால் எவனும் வாங்கப்போவதில்லை என்பதையும் சொல்லி, மீதி ஆறு வீட்டையும் மொத்தமாக அடிமாட்டு விலைக்குக் கேட்டார். சென்னிமலை கொஞ்ச நாள் பிகு செய்துவிட்டுக் கொடுத்துவிட்டார். அந்த விலையில் குழாய் இழுத்துத் தரக் கட்டுப்படியாகாது என்று சங்கத்துக்கு ஆள் விட்டுச் சொன்னார்.

ஆறு வீட்டிலும் மாரப்பன் தன் கம்பெனி ஆட்களைக் குடிவைத்தார். ஒரிசாவிலிருந்து வந்த பையன்கள், ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். ஷிஃப்ட் முடிந்து ஒரு கூட்டம் வரும்போது இன்னொரு கூட்டம் அதே பாயிலிருந்து எழுந்து போகும். லிஃப்டில் அவர்கள் ஏறினால் ஆசிரியரின் மனைவி மூக்கில் சேலையை வைத்துக்கொண்டாள்.

"உங்களாலதானுங்க" என்றார் மணியன், வாசலில் விஜயராணியை நிறுத்தி. "ஒரு கௌரவமான பொண்ணு வந்து குடியிருக்க வேண்டிய எடம். இப்ப சத்திரமாட்டம் ஆயிப்போச்சு."

விஜயராணி அவரைத் தாண்டிப் போனாள். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பகுதி உள்ளே தைத்தது. அவள் சொன்ன உண்மையை எடுத்துத்தான் மாரப்பன் விலை குறைத்தார். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது பொதுக் குழாயடியில் அந்தப் பையன்கள் நிறம் மாறிய தண்ணீரிலேயே அரிசி களைவதைப் பார்த்தாள். சங்கம் வாங்கிய லாரித் தண்ணீர் பணம் கட்டிய வீடுகளுக்கு மட்டும். தரைமட்டத் தொட்டிக்குப் பூட்டு போட்டிருந்தார்கள். சாவி ஆசிரியரிடம் இருந்தது.

"யே பானி அச்சா நஹீ" என்றாள், இந்தத் தண்ணீர் நல்லதில்லை என்று, தனக்குத் தெரிந்த இந்தியில்.

"மாலும் ஹை, தீதி" என்றான் ஒருவன், தெரியும் அக்கா என்று. வேறு என்ன செய்வது என்பது போலக் கையை விரித்தான். அடுத்த படி அரிசியைப் போட்டான்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு மாரப்பனே வந்தார், ஆறு வீட்டுக்கு உரிமையாளர் என்ற முறையில். லாரிச் செலவில் அவர் பங்கைக் கேட்பது என்று முன்னாடியே எல்லாரும் பேசி வைத்திருந்தார்கள். அவர் வந்து உட்கார்ந்ததும் அதைப் பற்றி ஒருவர் வாயும் திறக்கவில்லை. ஆடிட்டர் லிஃப்ட் பழுதைப் பற்றிப் பேசினார். மணியன் பூச்செடி வைப்பதைப் பற்றிப் பேசினார். கடைசியில் மாரப்பனே, "லாரித் தண்ணிக்கு என்னமோ பேசுனீங்களாமா?" என்றார்.

"அது வந்துங்க" என்றார் ஆடிட்டர். அதோடு நின்றுவிட்டார்.

"என்ர பசங்களுக்குப் போர் தண்ணியே போதுமுங்க. அவனுக ஊர்ல இதுவுங்கூடக் கெடையாது. நெம்பச் சலுக காட்டுனா வேலை செய்யமாட்டானுக."

சங்கத்தார் தலையாட்டினார்கள். விஜயராணி எழுந்தாள். குருசாமி இந்தத் தடவை அவள் கையைப் பிடிக்கவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"ஐயா, உங்க கம்பெனிக்கு பையர் ஆடிட் உண்டுல்ல?"

"உண்டுங்க. ஏனுங்க?"

"நானும் அந்த வேலைதான் பாக்குறேன். இப்பல்லாம் கம்பெனிக்குள்ள பாக்குறதோட விடுறதில்ல. ஆள் தங்குற இடத்துக்கும் வர்றாங்க. குடிக்கிற தண்ணியப் பிடிச்சு லேபுக்கு அனுப்புறாங்க. ஒரு வீட்டுல எத்தனை பேர்னு எண்ணுறாங்க. நம்ம கட்டடத்துக்கு வந்தாங்கன்னா, எதிர்வீட்டுல இருக்கேன், என்னையும் கேப்பாங்க. கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு உங்களுக்குத் தெரியும்."

மாரப்பனுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. காலைத் தொங்கப்போட்டிருந்தவர் மடக்கி உட்கார்ந்தார்.

"அம்மிணி எந்தக் கம்பெனியிலீங்க?"

அவள் சொன்னாள்.

"நம்ம மச்சானுதுதான்" என்றார் மாரப்பன்.

"தெரியும்யா."

அவர் மடக்கிய காலைக் கீழே இறக்கினார். பிறகு பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்து யாரோ ஒருவரை அழைத்து, "நாளையில இருந்து வீரபாண்டி ஊட்டுக்கு ஒரு லாரி சேத்து உடு" என்றார். மற்றவர்களைப் பார்த்து, "பூட்டைக் கழட்டிப் போடுங்க. எம் பங்குக்கு நானே தண்ணி உட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை ஒருவரும் பேசவில்லை. அடங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆடிட்டர், தான் அதைத்தான் சொல்ல இருந்ததாகச் சொன்னார். ஆசிரியர், பெண்கள் பேசினால் பெரிய மனிதர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள், அதற்காகத்தான் ஆண்கள் சும்மா இருந்தோம் என்றார்.

மணியன் மறுநாள் அரைக்கிலோ லட்டோடு வந்தார். "அம்மிணிதான் இனிமே செயலாளரா இருக்கோணும், எல்லாரும் பேசி முடிவு பண்ணியாச்சு" என்றார். அவரது திருநீறு அன்றைக்கும் நெற்றி நிறைய இருந்தது.

"லட்டை அந்தப் பசங்களுக்குக் குடுங்க" என்று சொல்லி விஜயராணி கதவைச் சாத்தினாள். அவர் வெளியே கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு லட்டைத் திரும்பத் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். கதவு ஓட்டை வழியாக அவள் அதைப் பார்த்தாள்.

லாரி தவறாமல் வந்தது. ஆனால் விஜயராணியை அவளுடைய கம்பெனியில் பல்லடம் ரோட்டு யூனிட்டுக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. மாரப்பன் மாமா வருத்தப்பட்டார் என்று மட்டும் முதலாளி ஒரு நாள் காதில் போட்டார். அவள் வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனியில் சேர்ந்தாள். அந்த வருஷங்களில் ஆடிட் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஊரில் கிராக்கி இருந்தது.

அந்தக் கோடையில் குருசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஒரு ஆள் இருக்கான். நம்ம வீட்டை வாங்கிக்கிறேன்றான். நல்ல விலைதான். ராக்கியாபாளையம் பக்கம் மனையா வாங்கிப் போட்டுறலாமா?" என்றான்.

"வந்து பாத்தானா?"

"இன்னும் இல்ல. இந்த வாரம் வாரானாம்."

"தண்ணியப் பத்திச் சொல்லிட்டீகளா?"

குருசாமி சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லவில்லை என்றால், இனி அவனிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியாது. மாடியில் ஆடிய மற்ற தலைகளோடு அவன் தலையையும் சேர்த்துவிட்டு, ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்றும் தெரியாது.

"சொன்னேன்" என்றான். "போன்லயே சொல்லிட்டேன். அதுக்கு அவன், பரவால்ல, வாங்கி வேற ஆளுக்கு வித்துருவேன்னு சொல்றான்."

விஜயராணி அவனையே பார்த்தாள். அவன் முகத்தில் பொய் இல்லை.

"அப்ப வேணாம்னு சொல்லிருங்க" என்றாள்.

"அதுவும் சொல்லிட்டேன்" என்றான் குருசாமி. "ரசம் இருக்கா?"

அவள் எழுந்து போய் ரசம் கொண்டுவந்து ஊற்றினாள்.